தாடை மூட்டுக்கு லேசர் அறுவை: தேதி குறித்துவிட்டார்கள், போகலாமா?

பாதித்தூக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடமாக எனக்கு இடது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். கொட்டாவி விட்டால் டக், வாயைப் பெரிதாகத் திறந்தால் டக். வலி இல்லாததால் கண்டுகொள்ளவில்லை. ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல் துலக்கப் போனேன். பிரஷ் கடைவாய்க்குள் போக மாட்டேன் என்கிறது. இரண்டு விரல் நுழைவதே பெரும்பாடு. திறக்கும்போது தாடை இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது, கூடவே காதுக்குள் குத்துவது போல வலி. வேடிக்கை என்னவென்றால் அன்றிலிருந்து அந்த டக் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது.

காது மருத்துவர் காதில் ஒன்றுமில்லை என்றார். பல் மருத்துவர் தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்து எலும்பில் குறையில்லை என்றார். ஸ்கேல் வைத்து அளந்து 26 மில்லிமீட்டர் என்று குறித்துக்கொடுத்தார். மூன்றாவதாகப் போன இடத்தில் பத்தே நிமிடத்தில் முடிவாகிவிட்டது: லேசர் அறுவை. கையில் ஒரு துண்டறிக்கை. ‘கத்தியில்லை, தழும்பில்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம்.’ உள்ளே லேசர் எதை என்ன செய்யும் என்று கேட்டேன். ‘அடைப்பை எடுத்துவிடும்’ என்றார்கள். எந்த அடைப்பு, யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. இதைச் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எலும்புக்காரன்:

வாய், முக எலும்பு அறுவை என் தொழில். உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சத்தம் நின்றது நல்ல செய்தி இல்லை. தாடை மூட்டில் கீழ்த்தாடையின் உருண்டை முனைக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் ஒரு சின்ன நார்த்தட்டு இருக்கிறது. டிஸ்க் என்போம். ஓரங்களில் தடித்து நடுவில் மெலிந்த ஒரு தொப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் திறக்கும்போது முதல் 20, 25 மில்லிமீட்டர் வரை அந்த உருண்டை இருந்த இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் திறக்க வேண்டுமென்றால் தொப்பியோடு சேர்ந்து முன்னால் வழுக்கிப் போக வேண்டும். உங்கள் தொப்பி இரண்டு வருடமாகவே முன்னால் நழுவிக் கிடந்திருக்கும். ஒவ்வொரு முறையும் உருண்டை அதன் பின் விளிம்பைத் தாண்டி ஏறியபோது வந்ததுதான் அந்த டக். இப்போது ஏற முடியவில்லை. தட்டு வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் சத்தமும் இல்லை, திறப்பும் இல்லை. தாடை இடது பக்கம் கோணுவதும் இதோடு ஒத்துப்போகிறது: வலது மூட்டு வழுக்குகிறது, இடது நின்றுவிடுகிறது. 26 என்ற எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது.

ஆனால் மெல்லும் தசை இறுகிப்போனாலும் வாய் திறக்காது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓபிஜியில் டிஸ்க் தெரியாது. வாயை மூடியும் திறந்தும் எம்ஆர்ஐ எடுத்தார்களா?

பாதித்தூக்கம்:

எடுக்கவில்லை டாக்டர். எடுக்கவும் சொல்லவில்லை.

பழையசைக்கிள்:

லேசருக்கு ஏன் இவ்வளவு பயம்? எனக்குத் தாடை வலிக்கு லேசர்தான் கொடுத்தார்கள். பேனா மாதிரி ஒரு கருவியைக் காதுக்கு முன்னால் தோல்மேல் வைத்துச் சில நிமிடம் பிடிப்பார்கள். பத்து முறை போனேன். ஊசி கூட இல்லை. வலி குறைந்தது. பயப்படாமல் போங்கள்.

ஒளியிழை:

பழையசைக்கிள் அண்ணா, உங்களுக்குக் கொடுத்ததும் அவருக்குத் தேதி குறித்திருப்பதும் வேறு வேறு சங்கதி. பெயர் ஒன்று, அவ்வளவுதான். அறுவை அரங்கக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன், இதில் மட்டும் வாய் திறக்கலாம் (மன்னிக்கவும், இந்த இழையில் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்க வேண்டும்).

உங்களுக்குக் கொடுத்தது குறைந்த திறன் லேசர். திசுவைச் சுடாது, வெட்டாது. வலி, வீக்கம் குறையலாம் என்ற எண்ணத்தில் கொடுப்பது. மூட்டுக்குள் விடுவது பெரும்பாலும் ஹோல்மியம் லேசர். சிறுநீரகக் கல்லை உடைப்பதும் இதே வகைதான். அலைநீளம் சுமார் 2,100 நானோமீட்டர். அந்த நீளத்து ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். திசுவில் அரை மில்லிமீட்டர் கூடப் போகாது, 0.4 என்று சொல்வார்கள். ஒளியைக் கொண்டுபோகும் மெல்லிய ஃபைபர் இழையின் நுனியில் துடிப்புக்குத் துடிப்பு ஒரு நீராவிக் குமிழ் வெடித்து, தொட்ட இடத்தை மட்டும் ஆவியாக்குகிறது. நுனியை லேசாகப் பின்னுக்கு இழுத்தால் வெட்டாமல் சுருக்கும்.

ஏன் இதையே எடுக்கிறார்கள் என்றால், மூட்டறுவை முழுக்க உப்பு நீருக்குள் நடக்கிறது. கார்பன் டை ஆக்சைடு லேசர் நன்றாக வெட்டும், ஆனால் தண்ணீரைத் தாண்டாது. என்டி யாக் என்ற இன்னொரு லேசர் ஃபைபரில் போகும், தண்ணீரையும் தாண்டும், ஆனால் திசுவுக்குள் ஆழமாக இறங்கிவிடும். மண்டையோட்டுக்குப் பக்கத்தில் அது வேண்டாத வேலை. ஹோல்மியம் இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. அரங்கில் எல்லோரும் கண்ணாடி போட்டிருக்கிறார்களா என்று சரிபார்ப்பதும் என் வேலை. நோயாளியின் கண்ணையும் மூடி மறைத்துவிடுவார்கள்.

பழையசைக்கிள்:

அட, இது தெரியாமல் நான் பாட்டுக்கு ‘போங்கள்’ என்று சொல்லிவிட்டேன். வாபஸ்.

மூன்றுவிரல்:

நான் செய்துகொண்டவள். வலது பக்கம், ஒன்றரை வருடம் ஆகிறது. எனக்கு வாய் திறக்காமல் எட்டு மாதம் போயிருந்தது. வாய்க்காப்பு (பற்களின் மேல் மாட்டும் உறை), மாத்திரை, பயிற்சி, இரண்டு முறை ஊசி வழியாக மூட்டைக் கழுவியது, எல்லாம் முடிந்த பிறகுதான் இது. அந்த வரிசையைக் கவனியுங்கள்.

முதலில் துண்டறிக்கை சமாசாரம். ‘கத்தியில்லை’ என்பது பாதி உண்மை. முழு மயக்கம். மூக்கு வழியாகச் சுவாசக் குழாய். கண் ஓரத்திலிருந்து காதின் நடுத்துருத்தல் வரை தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டார்கள். அதில் காதிலிருந்து 10 மில்லிமீட்டர் முன்னால், கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் கீழே ஒரு புள்ளி. அதன் வழியாகத்தான் கேமரா. இன்னும் முன்னால் இரண்டாவது புள்ளி, அதன் வழியாக லேசர். இப்போது தழும்பு என்று கேட்டால் நானே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதில் பொய்யில்லை.

பிறகு எனக்கு வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். மூட்டுக்குள் வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். தண்ணீருக்குள் நனைந்த பஞ்சு போல நாரும் நூலுமாக மிதக்கிறது, பின்பக்கம் மட்டும் செக்கச்சிவப்பு. ஒட்டுக்கட்டிய நார்களை லேசர் ஒவ்வொன்றாக அறுக்கிறது, சின்னச் சின்னக் குமிழ் பறக்கிறது. டிஸ்க்கின் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்திருந்த இடத்தை விடுவித்தார்கள். பின்பக்கச் சிவப்புத் திசுவை மேலோட்டமாகச் சுட்டுச் சுருக்கினார்கள், தட்டு மறுபடி முன்னால் ஓடாமல் இருக்க. மொத்த நேரம் ஒரு மணி சொச்சம்.

இனி யாரும் சொல்லாதது. எழுந்தபோது கன்னம் பலூன் மாதிரி. உள்ளே விட்ட நீர் கசிந்து வெளியே இறங்கியிருக்கிறது. இரண்டு நாளில் வடிந்தது. வலது காது அடைத்துக்கொண்டது, ரத்தம் கலந்த அழுக்கு கொஞ்சம் வந்தது. வலது பக்கக் கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் தொடவே இல்லை, ஏதோ கட்டையைக் கடித்துக்கொண்டிருப்பது போல. மூட்டில் நீர் நிற்பதால் அப்படி, பத்து நாளில் சரியானது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன், இடது மட்டும் ஏறியது. வலது அசையவில்லை. ஐந்து வாரம் அப்படியே இருந்தது. தானாகத் திரும்பும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், திரும்பவும் செய்தது. ஆனால் அந்த ஐந்து வாரம் தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று புருவத்தோடு சண்டை.

மறுநாள் வேலையா? மறுநாளிலிருந்து பயிற்சி. நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவில் நுழைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும், ஒரு நாளைக்குப் பல தடவை. பன்னிரண்டு குச்சியில் தொடங்கினேன். பதின்மூன்றாவதைச் சொருகும்போது அழுதிருக்கிறேன். ஆறு வாரம் மென்மையான சாப்பாடு மட்டும். இப்போது என் மூன்று விரலும் உள்ளே போகிறது. என் பெயருக்குக் காரணம் அதுதான்.

பாதித்தூக்கம்:

அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. படித்ததும் ஒரு பக்கம் தைரியம், இன்னொரு பக்கம் கலக்கம். புருவம் ஏன் அப்படி ஆனது?

எலும்புக்காரன்:

நான் சொல்கிறேன். நெற்றியையும் புருவத்தையும் இயக்கும் முக நரம்புக் கிளை கன்ன எலும்பைத் தாண்டும் இடம், காதுத் துவாரத்துக்கு முன்னால் 8 முதல் 35 மில்லிமீட்டருக்குள் ஆளுக்கு ஆள் மாறும். கருவி நுழைவதும் அதே வட்டாரம். பெரும்பாலும் அது நசுங்கலோ வீக்கமோதான், சில வாரத்தில் மாதத்தில் சரியாகும். நிரந்தரமாக நிற்பது அரிது. ஆனால் அரிது என்ற சொல் அந்த ஒருவருக்கு ஆறுதல் தராது, அதனால் முன்கூட்டியே சொல்ல வேண்டியது எங்கள் கடமை. காது மரத்துப்போவது, ரத்தக்கசிவு, காதுத் துவாரச் சுவரிலோ செவிப்பறையிலோ ஓட்டை, இவையும் பட்டியலில் உண்டு. குழியின் கூரை சில இடத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புத்தான், அதற்கு மேலே மூளை. தட்டுக்கு மேலுள்ள மூட்டறையில் கொள்ளும் நீரே சுமார் 1 மில்லி. அந்த இடத்துக்குள் கேமராவும் லேசரும் சேர்ந்து போகின்றன. ‘சின்ன ஓட்டை’ என்பதால் சின்ன அறுவை ஆகிவிடாது.

ஐயம்நல்லது:

யாராவது ஒருவர் எதிர்க்கட்சியாக இருக்க வேண்டுமே, நானே இருந்துவிடுகிறேன். தாடை மூட்டு மருத்துவத்தின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. 1980களில் டிஸ்க்கை எடுத்துவிட்டு ப்ரோப்ளாஸ்ட்-டெஃப்லான் என்ற செயற்கைப் பொருளில் செய்த தட்டு வைத்தார்கள். அதுவும் அன்றைக்கு நவீனம்தான். மெல்ல மெல்ல அது தூளாகி, உடம்பு அந்தத் தூளோடு சண்டை போட்டு, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990 டிசம்பரில் எச்சரிக்கை விட்டு, 1991இல் திரும்பப் பெற வைத்தது. அதற்குள் வைத்துக்கொண்டவர்கள் பலர், மறு அறுவைக்கு மேல் மறு அறுவை.

அடுத்து, 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று. எம்ஆர்ஐயில் உறுதியான, பாதித்தூக்கத்துக்கு இருப்பதைப் போன்ற பூட்டிய மூட்டுக்காரர்கள் 106 பேர். நான்கு குழு: மருந்தும் அறிவுரையும் மட்டும், மறுவாழ்வுப் பயிற்சி, ஆர்த்ரோஸ்கோப்பி (சின்ன ஓட்டை வழியாகக் கேமரா விட்டுச் செய்வது), திறந்த அறுவை. 60 மாதம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நான்கு குழுவுக்கும் வலியிலும் தாடை இயக்கத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எல்லாக் குழுவும் தேறியது. அறுவையை முதல் படியாக வைக்க நியாயமில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பழையசைக்கிள் அண்ணாவுக்கும் ஒரு செய்தி. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட பரிந்துரைகளில், நாள்பட்ட தாடை வலிக்கு உங்கள் தோல்மேல் லேசரும், ஊசி வழி மூட்டுக் கழுவலும் ‘வேண்டாம்’ பக்கத்தில்தான் இருக்கின்றன. உறுதியாக ‘செய்யுங்கள்’ என்றது பயிற்சியும், கையால் அழுத்தித் தசையை இளக்குவதும், வலியைப் பற்றிய பேச்சுச் சிகிச்சையும்.

எலும்புக்காரன்:

ஐயம்நல்லது சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். அந்த 106 பேர் ஆய்வை என்னிடம் வருகிறவர்களுக்கு நானே சொல்வதுண்டு. இரண்டு திருத்தம் மட்டும்.

ஒன்று, 2023 பரிந்துரை மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கானது. கழுவலுக்கும் தோல்மேல் லேசருக்கும் அது சொன்னது நிபந்தனையோடு கூடிய ‘வேண்டாம்’, அதாவது ஆளைப் பார்த்து முடிவு செய் என்று அர்த்தம். டிஸ்க்கை எடுத்தெறிவதற்குத்தான் அடித்துச் சொன்ன ‘வேண்டாம்’. ஏழு வாரத்துப் பூட்டு வேறு கேள்வி.

இரண்டு, டெஃப்லானையும் ஆர்த்ரோஸ்கோப்பியையும் ஒரே கூடையில் போட வேண்டாம். அது அன்னியப் பொருளை உள்ளே வைத்தது. இது கேமராவால் பார்த்து, கழுவி, தேவையென்றால் அறுப்பது. தாடை மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததை ஜப்பானின் மசதோஷி ஓனிஷி 1975இல் முதன்முதலாக வெளியிட்டார். ஆரம்பத்தில் பார்ப்பது, கழுவுவது, ஒட்டிய நார்களை விடுவிப்பது, அவ்வளவே. ஆச்சரியம் என்னவென்றால் அதற்கே பலருக்கு வாய் திறந்தது. பிறகு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் டிஸ்க் பழையபடி முன்னால்தான் கிடக்கிறது! தட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினால்தான் குணமாகும் என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு நல்ல அடி. அந்த யோசனையிலிருந்துதான் 1991இல் வெறும் இரண்டு ஊசியால் கழுவும் முறை வந்தது: ஒன்றில் நீர் உள்ளே, இன்னொன்றில் வெளியே. கேமரா கூட வேண்டாம்.

ஹோல்மியம் லேசர் 1990களில் இந்த அரங்குக்குள் நுழைந்தது. நல்ல கருவி, எனக்குப் பிடித்த கருவி. ஆனால் லேசர் செய்வதைச் சிறு கத்தரி, சுரண்டும் கருவி, மின்முனை ஆகியவையும் செய்யும். இவ்வளவு சுத்தமாக, ரத்தமில்லாமல் செய்யாது என்பதே வித்தியாசம். கத்தி எவ்வளவு கூர் என்பது இரண்டாவது கேள்வி. எதை அறுக்கப் போகிறார்கள், அது அறுக்க வேண்டிய நிலையில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. எம்ஆர்ஐ இல்லாமல் அதற்குப் பதில் கிடையாது. உங்களுக்குத் தேதி கொடுத்தவர்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு முதலாவதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

குச்சிக்கணக்கு:

பிசியோதெரபிஸ்ட். சுருக்கமாக நான்கு வரி. பேசாமல், சாப்பிடாமல் இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. நாக்கு நுனி மேலண்ணத்தில், உதடு மூடியிருக்கட்டும், பற்களுக்கு நடுவில் இடைவெளி. இதை ஒரு நாளைக்கு நூறு தடவை மறப்பீர்கள், நூற்றியோராவது தடவை நினைத்தால் போதும். கொட்டாவி வந்தால் கையால் மோவாயைத் தாங்குங்கள். நீட்டல் பயிற்சியை யாராவது நேரில் சொல்லிக்கொடுத்த பிறகு செய்யுங்கள். தாடையைத் தானே பிடித்து ‘ஒரே தள்ளில் திறந்துவிடுகிறேன்’ என்று இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வீங்கிப்போய் என்னிடம் வருவார்கள்.

பாதித்தூக்கம்: (மூன்று வாரம் கழித்து)

தேதியைத் தள்ளிப்போட்டேன். போனில் சொன்னபோது ‘தாமதித்தால் மூட்டு கெட்டுவிடும்’ என்றார்கள். சத்தியமாக ஒரு நிமிடம் ஆடிப்போனேன்.

வேறொரு அறுவை மருத்துவரிடம் போனேன். முதல் வேலையாக எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில்: இடது டிஸ்க் முன்னால் நழுவியிருக்கிறது, வாய் திறந்தாலும் திரும்பவில்லை, மூட்டில் நீர் இருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது. எலும்புக்காரன் சார் அளவை மட்டும் வைத்துச் சொன்னது அப்படியே. முதலில் பயிற்சி, ஒரு இரவு வாய்க்காப்பு, வீக்கத்துக்கு மாத்திரை. இரண்டு வாரத்தில் 26 என்பது 29 ஆனது, பிறகு நகரவில்லை. அதனால் போன வாரம் உணர்விழப்பு ஊசி போட்டு மூட்டைக் கழுவினார்கள். விழித்துக்கொண்டேதான் இருந்தேன். காதுக்குப் பக்கத்தில் நீர் ஓடும் ஓசை, ஒரு பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழுவது. நடுவில் அவர் ‘இப்போது திறங்கள்’ என்று மோவாயைப் பிடித்து மெதுவாக இழுத்தார், உள்ளே எதோ ‘ப்ளக்’ என்று விட்டது. மேசையிலேயே அளந்தார்: 36.

லேசரைப் பற்றியும் கேட்டேன். ‘இந்தத் திறப்பு நிலைக்காவிட்டால், மூன்று நான்கு மாதம் கழித்தும் உங்களால் சாப்பிட முடியாவிட்டால் பேசுவோம், எங்களிடமும் கருவி இருக்கிறது’ என்றார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதை எடுக்காத மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். டக் சத்தம் திரும்ப வரவில்லை. அப்படியென்றால் டிஸ்க்?

எலும்புக்காரன்:

அது பெரும்பாலும் முன்னால்தான் கிடக்கும். இருக்கட்டும். பின்னால் இருக்கும் திசு கொஞ்சம் கொஞ்சமாக நாரேறித் தட்டு மாதிரியே பாரம் தாங்கப் பழகிக்கொள்ளும். படத்தைச் சரிசெய்ய வேண்டியதில்லை, வாய் திறக்கிறதா, வலி குறைகிறதா என்பதைப் பாருங்கள். அந்த 36 ஒரு வாரத்தில் சற்று இறங்கும், பயப்பட வேண்டாம், பயிற்சியை விட்டால் மட்டும் இன்னும் இறங்கும்.

ஐயம்நல்லது:

எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்கிறது. நல்லபடியாகத் தேறுங்கள்.

மூன்றுவிரல்:

அதெல்லாம் சரி. குச்சி எத்தனை?

பாதித்தூக்கம்:

காலையில் பதினெட்டு அக்கா. பத்தொன்பதாவது பாதி வரை போய் நிற்கிறது.